ஒரு அரை நாள்கூட எனக்கென்று மிஞ்சுவதில்லை, நீங்கள் எப்படி ஆறுகிறீர்கள்?

கோண்டாவில்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், நேரம் உள்ளவர்கள் வாசித்துப் பதில் சொல்லுங்கள்.

எனக்கு 36 வயது. யாழ்ப்பாணம் டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை செய்கிறேன். வேலை தருபவர்கள் எல்லோரும் லண்டனில், அதனால் எங்கள் நாள் லண்டன் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் ஓடுகிறது. இப்போது அங்கே கோடை, மத்தியானம் ஒன்றரைக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடிகிறது. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை மாற்றியதும் எங்கள் வேலையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போய்ப் பதினொன்றுக்குத்தான் முடியும், இங்கே மாரி மழையும் அதே நேரம் தொடங்கிவிடும். ஜனவரி 31 அங்கே வரிக்கணக்குக் கொடுக்கக் கடைசி நாள். அதனால் அந்த மாதம் முழுக்க வீட்டுக்கு வர ஒரு மணி, இரண்டு மணி ஆகும். இந்த வருடம் முற்றத்தில் பொங்கிப் படைத்துவிட்டு, சாப்பிட்டேனா இல்லையா என்ற நினைவுகூட இல்லாமல் வேலைக்கு ஓடினேன்.

பின்னேர வேலை என்றால் காலையில் ஆறுதலாக இருக்கலாம்தானே என்று பலர் சொல்கிறார்கள். காலையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். 4.45க்கு எழும்புகிறேன். இவருக்குக் கிளிநொச்சியில் வேலை, ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவருக்கும் மகனுக்கும் சாப்பாடு கட்ட வேண்டும். மகன் நாலாம் ஆண்டு, புலமைப்பரிசில் பரீட்சை அடுத்த வருடம். பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் அம்மாவுக்கு ஊசி, பிறகு மத்தியானச் சமையல், உடுப்புத் தோய்ப்பு. மாதத்தில் ஒரு நாள் அம்மாவின் கிளினிக், அன்றைக்குக் காலை முழுக்க அங்கே வாங்கில் இருந்தே போய்விடும். இரவு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுக்கப் பன்னிரண்டுக்குக் கிட்ட ஆகும். சனிக்கிழமையும் அரை நாள் அலுவலகம்.

மிச்சம் இருப்பது ஞாயிறு. அந்த ஞாயிறு எங்கே போகிறது என்றால் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி, வீடு குடிபூரல். போகாமல் விட முடியாது, எங்கள் வீட்டில் அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்து மூன்று நாள் நின்று சமைத்தவர்களின் வீடுகள் அவை. ஒன்றும் இல்லாத ஞாயிறு என்றால் காலை ஆறரைக்கே கனடாவிலிருந்து அழைப்பு வரும். இன்னும் கொஞ்ச நாளில் நல்லூர்க் கொடியேற்றம், 25 நாள் திருவிழா, வெளிநாட்டில் இருக்கிற சொந்தம் முழுக்க வந்து இறங்கும். அவர்கள் வருவது எனக்கு உண்மையில் சந்தோசம். ஆனால் போன வருடம் கடைசி நாள் தீர்த்தம் முடிந்த அடுத்த நாள் குளியலறையில் நின்றபடியே அழுதேன், ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

வருடாந்த லீவு 14 நாளில் போன வருடம் எடுத்தது பதினொன்று, அதில் ஒரு நாள்கூட நான் ஆறுவதற்கு எடுத்தது இல்லை. மிச்சம் மூன்றும் அப்படியே போய்விட்டது.

வேலையை விட விருப்பமில்லை, அந்த வேலை எனக்குப் பிடிக்கும், வீட்டுக் கடனும் இருக்கிறது. என் கேள்வி இதுதான்: இப்படி ஓடுகிற வாழ்க்கையில் இருந்துகொண்டே ஆறுவதற்கு இடம் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படி எடுத்தீர்கள்? யோகாசனம் செய், கோயிலுக்குப் போ என்ற மாதிரி இல்லாமல், எந்த நாள், எத்தனை மணி, வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


நைட் டியூட்டி:

தங்கச்சி, நான் 19 வருடமாகத் தாதி. எங்களுக்குக் காலை 7 முதல் 1, பின்னேரம் 1 முதல் 7, இரவு 7 முதல் விடிய 7 என்று மாறி மாறி வரும். ஆகவே நீங்கள் சொல்வது எனக்கு நன்றாக விளங்குகிறது.

முதலில் ஒரு கணக்கு. நீங்கள் 4.45க்கு எழும்பினால் இரவு 9.45க்கு விழித்திருந்து 17 மணி நேரம் ஆகிவிடும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கை கால் வேகமும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்று ஆய்வு செய்து கண்டிருக்கிறார்கள். அந்த நிலையில்தான் நீங்கள் ஒவ்வொரு நாளும் கடைசிக் கணக்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். ஸ்கூட்டியில் வருகிறீர்கள் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. நானும் ஒருநாள் இரவுப் பணி முடிந்து வரும்போது தட்டாதெருச் சந்திக்குக் கிட்ட கண் சொக்கி மதிலோடு சாத்தினேன், முழங்கையில் காயத்தோடு தப்பினது. அன்றைக்குத்தான் புத்தி வந்தது.

அதற்கு முதல் நான் செய்துகொண்டிருந்தது என்னவென்றால், நைட் முடித்து வந்து சமைத்து, தோய்த்து, கூட்டி, எல்லாம் முடித்துவிட்டு மிச்சம் இருக்கிற நேரத்தில் படுப்பது. வீட்டு வேலைக்கு முடிவே இல்லை, ஆகவே மிச்சம் என்று ஒன்று வராது. இப்போது மாற்றிவிட்டேன். வந்தவுடன் குளிப்பு, பாணோ இடியப்பமோ இருக்கிறதைச் சாப்பிட்டுவிட்டு நேரே படுக்கை. சமையல் எழும்பிய பிறகு. முதல் மாதம் மாமிக்குச் சரியான கோபம், வெயில் ஏறினபிறகும் மருமகள் படுத்திருக்கிறாள் என்று அக்கம்பக்கம் கதைக்கும் என்றா. நான் மாமியை ஒருநாள் இருத்தி வைத்து, எனக்குக் கண் சொக்கினால் வாட்டில் ஒரு பிள்ளைக்கு மருந்தின் அளவு பிழைத்துப்போகும் மாமி என்று சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு படலையில் யாராவது வந்து கூப்பிட்டால் "அவ நைட் முடிச்சுப் படுத்திருக்கிறா, பின்னேரம் வாங்கோ" என்று சொல்வது மாமிதான்.

உங்களுக்கு நான் சொல்வது, மகனை விட்டுவிட்டு வந்து ஒன்பதிலிருந்து பத்தரை வரை படுங்கள். தூக்கத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம், அது முடிந்து எழும்பினால் தலை பாரம் குறைவாக இருக்கும். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும், உங்களுக்கு இரவில் கிடைப்பது ஐந்து. இந்த ஒன்றரை மணி நேரத்தைச் சேர்த்தாலும் ஏழு வராது, ஆனால் ஐந்துக்கும் ஆறரைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதல் பத்து நாள் தூக்கம் வராது, சும்மா கண்ணை மூடிக்கொண்டு கிடவுங்கள். போனை அந்த அறையில் வைக்க வேண்டாம்.

இன்னொன்று, இரவு எட்டு மணிக்கு அலுவலகத்தில் தேத்தண்ணியோ கோப்பியோ குடிக்கிறீர்களா? அதில் இருக்கும் கஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கும். எட்டு மணிக்குக் குடித்தது ஒரு மணிக்கும் அரைவாசி உடம்பில் இருக்கும். ஐந்து மணியோடு நிற்பாட்டிப் பாருங்கள்.

அந்தக் குளியலறை அழுகையைச் சின்ன விசயமாக எடுக்க வேண்டாம். அது திரும்பத் திரும்ப வந்தால், காரணமில்லாமல் கவலை கிடந்தால், டொக்டரிடம் சொல்லுங்கள். பிறஷரையும் ஒருக்கால் பாருங்கள்.


கராஜ் தம்பி:

அக்கா, நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்களுக்கு லீவு என்று ஒன்று எழுத்தில் இருக்கிறது. எனக்குக் கொக்குவிலில் மோட்டார் சைக்கிள் திருத்தும் சின்னக் கராஜ், நானும் ஒரு பெடியனும். கதவைப் பூட்டினால் அன்றைக்குக் காசு இல்லை. ஏழு நாளும் திறந்துதான் வைத்திருந்தேன்.

2022இல் பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிள் எல்லாம் வீட்டு விறாந்தையில் நின்றபோது எனக்கு வேலையே இல்லை, நாள் முழுக்கக் கதிரையில் இருந்தேன். அது ஓய்வு என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரவு முழுக்கக் கடை வாடகையை நினைத்துக்கொண்டு கிடந்தேன், உடம்பு சும்மா இருந்தாலும் தலை ஓடிக்கொண்டே இருந்தது. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீடு எடுக்கும் முறை வந்து பெற்றோல் கிடைக்கத் தொடங்கி, திரும்ப 14 மணி நேரம் வேலை செய்த முதல் நாள்தான் நான் நித்திரை கொண்டேன். ஆகவே வேலையைக் குறைத்தால் ஆறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பயம் இல்லாமல் இருக்கிற நேரமாக அது இருக்க வேண்டும்.

நான் செய்தது இதுதான். தாவடியில் இன்னொரு கராஜ்காரர் இருக்கிறார், அவரும் என்னைப் போலத்தான். நாங்கள் இரண்டு பேரும் பேசி, நான் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு பூட்டுவது, அவர் ஞாயிறு பூட்டுவது என்று வைத்தோம். பூட்டுகிற நாளில் கதவில் மற்றவரின் போன் நம்பர் தொங்கும். என் ஆட்கள் அவரிடம் போவார்கள், அவருடைய ஆட்கள் என்னிடம் வருவார்கள். ஆட்களைப் பிடித்துக்கொள்வாரோ என்று முதலில் பயந்தேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை, இரண்டு வருடமாகப் போகிறது. வெள்ளி பின்னேரம் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் மகளோடு மணலில் இருந்துவிட்டு வருவேன். நகத்துக்குள் ஒயில் இல்லாமல் சாப்பிடுவது கிழமையில் அந்த ஒரு இரவுதான்.

உங்கள் அலுவலகத்திலும் உங்கள் வேலை தெரிந்த இன்னொரு ஆள் இருப்பார்தானே. சனிக்கிழமை அரை நாளை மாறி மாறிச் செய்ய முடியாதா என்று கேட்டுப் பாருங்கள்.


நீர்வேலி ஐயா:

பிள்ளை, நான் அரசாங்கத்தில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவன். இளைப்பாறிய ஆசிரியர், இளைப்பாறிய அதிபர் என்று எங்கள் ஊரில் எழுதுவோம். இளைப்பாறுகிற உரிமையே பென்சன் எடுத்த பிறகுதான் வரும் என்று நாங்களும் அப்படியே நம்பி இருந்துவிட்டோம். நான் இளைப்பாறின அடுத்த வருடம் மனைவி போய்விட்டா. சேர்ந்து போவோம் என்று வைத்திருந்த இடங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. உம்மைப் பயப்படுத்த இதைச் சொல்லவில்லை, நேரத்தோடு கேட்டிருக்கிறீர், அது நல்லது.

சட்டப்படி உள்ளதைச் சொல்கிறேன். தனியார் அலுவலகங்களுக்குக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி, கிழமையில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை. மேலதிக நேரம் கிழமைக்கு 12 மணிக்கு மேல் போகக்கூடாது, அதற்கு ஒன்றரை மடங்குச் சம்பளம். பௌர்ணமிப் போயா தினத்தில் வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம். வருடாந்த லீவு 14 நாள், அதில் ஏழு நாளாவது ஒரேயடியாகத் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இதுதான் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளாகப் பிய்த்துப் பிய்த்து எடுத்தால் அது செத்தவீட்டுக்கும் கிளினிக்குக்கும் போய்விடும், உமக்குப் போனது போல. அதைவிட இடையில் வரும் தேவைகளுக்கு எடுக்கிற அமயலீவு ஏழு நாள் தனியாக இருக்கிறது, கிளினிக்குக்கு அதைப் போடும். ஜனவரியில் அவர்கள் எத்தனை மணி வேலை வாங்குகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையும். சண்டைக்கு அல்ல. எழுதி வைத்தால் உமக்கே தெரியும்.

விடுமுறை நாள் என்பது வானத்திலிருந்து விழுந்தது அல்ல என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1966இலிருந்து 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே இல்லை, சந்திரனின் நாலு நிலைகளையும் பார்த்து வருகிற போயா தினங்களில்தான் கிழமை விடுமுறை. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பெடியன், சில கிழமை ஏழு நாள், சில கிழமை எட்டு நாள் என்று வரும். எந்த நாள் என்பதை மாற்றினார்கள், விடுமுறையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் அப்பா வெங்காயமும் புகையிலையும் செய்தவர். எங்களுடையது பங்குக் கிணறு, ஆறு பங்கு. செவ்வாயும் சனியும் எங்கள் இறைப்பு முறை. மற்ற நாளில் வாய்க்காலில் கால் வைக்க மாட்டோம். இரவில் யாரும் இறைப்பதில்லை, கிணறு ஊற வேண்டும். இங்கே நிலம் சுண்ணாம்புக்கல், மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு கிடக்கிறது, ஊறுகிறதை விடக் கூட இழுத்தால் அடியில் இருக்கிற உவர் மேலே வந்துவிடும். மோட்டர் வந்த பிறகு முறை பாராமல் இழுத்துக் கெட்டுப்போன கிணறுகளை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உம்முடைய அம்மாவைப் பற்றி. நீர் பகலில் படுத்தால் அவவுக்கு மனம் பொறுக்காது என்று நினைக்கிறேன். 95 ஒக்டோபரில் யுத்தத்தால் எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க இடம்பெயர்ந்து நடந்தபோது பிள்ளைகளையும் பையையும் இழுத்துக்கொண்டு போன ஆட்கள் நாங்கள். திரும்பி வந்து கூரையில்லாத வீட்டில் முதலிலிருந்து தொடங்கினோம். அந்த வயதுக்காரருக்குச் சும்மா இருந்தால் ஏதோ நடந்துவிடும் என்ற ஒரு பயம் உள்ளே இருக்கிறது. அவவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவவையும் சாய்மனைக் கதிரையில் கொஞ்சம் சாயச் சொல்லும்.


கோண்டாவில்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, கடைசிப் பந்தியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். அம்மா அப்போது என்னையும் தம்பியையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தவ.

அக்கா சொன்ன ஒன்பது மணித் தூக்கத்தை நாளையிலிருந்து தொடங்குகிறேன். தம்பி சொன்னபடி சனிக்கிழமை பற்றிக் கூட வேலை செய்யும் பிள்ளையிடம் கேட்கிறேன். எனக்கு இன்னும் தெரியாதது ஞாயிறுதான். சொந்தக்காரரிடம் வர முடியாது என்று எப்படிச் சொல்வது, மனம் நோகாமல்?


பாசையூர் மருமகள்:

அக்கா, நான் கடற்தொழில் குடும்பத்துக்குக் கலியாணம் கட்டி வந்தவள். எங்கள் பக்கம் சனி இரவு தொழிலுக்குப் போவதில்லை. ஞாயிறு பூசை, அன்றைக்குக் கடல் இல்லை. எவ்வளவு நல்ல மீன் பாடாக இருந்தாலும் சரி, கையில் காசு இல்லாத கிழமையாக இருந்தாலும் சரி. ஒருவர் போனால் மற்றவருக்கும் போகாமல் இருக்க முடியாது, அவர் பிடித்துவிடுவாரே என்று மனம் அடிக்கும். எல்லோரும் நிற்பதால்தான் எல்லோராலும் நிற்க முடிகிறது. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அது ஒவ்வொரு முறையும் உங்களைக் குற்றவாளி மாதிரி நிறுத்தும். எல்லோருக்கும் ஒரே தடவையில், ஞாயிறு இந்த நேரம் நாங்கள் வெளியே வருவதில்லை என்று சொல்லிவிடுங்கள். கலியாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்குப் போய் வாழ்த்திவிட்டு, சாப்பிட்டு, ஒரு மணிக்கு வீட்டுக்கு வரலாம். செத்தவீடு வந்தால் அது வேறு, அதற்குக் கணக்குப் பார்க்க முடியாது.

ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது, ஆண்கள் இதைக் கவனிப்பதில்லை. கடலுக்குப் போகாத நாள் அவருக்குத்தான் ஓய்வு. எனக்கு ஞாயிறுதான் கூட வேலை. நண்டுக்கறி, இறால், புட்டு, பின்னேரம் மாமாமார் வந்தால் பலகாரம். ஏழு வருடம் அப்படிப் போனது. ஞாயிறு இரவு பாத்திரம் கழுவும்போதே திங்கள் தொடங்கிவிடும். கடைசியில் இவரிடம் சொன்னேன், உங்கள் வலையும் காய்கிறது, என்ஜினும் நிற்கிறது, என் அடுப்பு மட்டும் நிற்கவில்லையே என்று. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த கிழமையிலிருந்து சனி பின்னேரமே கறி வைத்துவிடுவது, ஞாயிறு மத்தியானம் சோறு மட்டும், இரவு பாணும் சம்பலும் என்று வைத்தோம். சம்பல் அவர் இடிப்பார். இரண்டிலிருந்து நாலு வரை விறாந்தையில் பாயை விரித்து எல்லோரும் கிடப்போம், சின்னவள் நித்திரை கொள்ள மாட்டாள், பரவாயில்லை.

உங்கள் பதிவில் இவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார், வந்து என்ன செய்கிறார் என்று ஒன்றும் இல்லை. அதையும் யோசியுங்கள் அக்கா.


ஸ்காபரோ அண்ணா:

கனடாவிலிருந்து ஞாயிறு ஆறரைக்கு அழைப்பு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்ததும் எனக்கு நெஞ்சு சுருக்கென்றது, ஏனென்றால் அப்படி அழைக்கிற ஆள் நான்தான், என் அக்காவுக்கு. எங்களுக்கும் உங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம். நாங்கள் கிழமை முழுக்க வேலை செய்து, சனி இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டுவிட்டு, இப்போதுதான் ஆற அமர இருக்கிறோம், ஊருக்குக் கதைப்போம் என்று போனை எடுப்போம். உங்களுக்கு அது ஞாயிறு காலை ஆறரை. எங்களுடைய ஆறுதல் நேரம் உங்களுடைய தூக்கத்துக்கு மேலேதான் வந்து விழுகிறது, இத்தனை வருடமாக நான் யோசித்ததே இல்லை.

எங்களிடம் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். நாங்கள் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அழைத்தால் உங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை. அது இரண்டு பக்கத்துக்கும் நல்ல நேரம். நான் நேற்று அக்காவிடம் கேட்டேன், ஆறரைக்கு எழுப்புவது கஷ்டமா என்று. "தம்பி கூப்பிடுறான் எண்டு எழும்பினனான், பரவாயில்லையடா" என்றா. எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி ஐந்தரைதான்.

திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கும் முதலே சொல்லுங்கள். நாங்கள் மூன்று கிழமை லீவில் வருகிறோம், எங்களுக்கு எல்லா நாளும் ஞாயிறு. உங்களுக்கு வேலை இருக்கிறது என்பது அந்த நேரம் எங்கள் நினைவுக்கே வருவதில்லை.


கோண்டாவில்காரி:

ஐந்து கிழமைக்குப் பிறகு வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன், எல்லாம் சரிவந்தது என்று இல்லை.

ஒன்பது மணித் தூக்கம் முதல் இரண்டு கிழமை வரவே இல்லை. கண்ணை மூடினால் தோய்க்காத உடுப்புத்தான் தெரியும். மூன்றாம் கிழமை ஒருநாள் அம்மா வந்து எழுப்பும்போது பத்தே முக்கால், வாயில் நீர் வடிந்திருந்தது, எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. அதன் பிறகு கிழமையில் நாலு நாளாவது தூங்குகிறேன். மத்தியானம் இரண்டு கறியோடு நின்றுவிட்டது. இரவுத் தேத்தண்ணியை விட்டது தூக்கத்தை விடக் கஷ்டமாக இருந்தது, தலையிடி நாலு நாள். இப்போது இல்லை. பிறஷரும் பார்த்தேன், கொஞ்சம் கூடத்தான், மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை, கூட வேலை செய்யும் பிள்ளை கேட்டவுடனே ஓம் என்றாள். அவளும் இதையே யோசித்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று இருந்திருக்கிறாள். மேலாளர் முதலில் இழுத்தார், வேலை நிற்காது என்று எழுதிக் கொடுத்தோம், இப்போது ஒன்றுவிட்டு ஒரு சனி.

தொடர்ந்து ஏழு நாள் லீவு கேட்டேன், ஐந்து தந்திருக்கிறார்கள், தீர்த்தம் முடிந்த அடுத்த நாளிலிருந்து. சட்டத்தைப் பற்றி நான் இன்னும் வாய் திறக்கவில்லை ஐயா, ஜனவரிக்குக் கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன்.

பாசையூர் தங்கச்சி கேட்ட கேள்வியை இவரிடமே காட்டினேன். ஆறரைக்கு வந்து ஒன்பது வரை போன் பார்க்கிறேன் என்று அவரே சொன்னார். இப்போது மகனின் ரியூசன், இரவுச் சாப்பாடு, அம்மாவின் இரவு ஊசி அவரிடம். முதல் நாள் ஊசி போடக் கை நடுங்கினது. அம்மாதான் "பயப்பிடாமல் குத்துங்கோ தம்பி" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறா.

குடும்ப வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினேன்: "எல்லோருக்கும் வணக்கம். எனக்கு உடம்பு கொஞ்சம் களைத்துப் போயிருக்கிறது. இனி ஞாயிறு இரண்டிலிருந்து ஐந்து வரை நான் படுத்து ஆறுகிற நேரம். அந்த நேரம் போன் எடுக்க மாட்டேன், ஐந்தரைக்குப் பிறகு எடுப்பேன். வீட்டுக்கு வாறவர்கள் ஐந்தரைக்குப் பிறகு வாங்கோ, தேத்தண்ணி குடிச்சு ஆறுதலாகக் கதைப்போம்." அனுப்பும்போது விரல் குளிர்ந்தது. பதினாறு பேர் சரி என்று போட்டார்கள். சின்ன மாமி மட்டும் ஒன்றும் போடவில்லை, இரண்டு கிழமை கதைக்கவும் இல்லை. அவவின் பேத்தியின் சாமத்தியவீட்டுக்குக் காலையிலேயே போய்ப் பூ மாலை கட்டிக் கொடுத்துவிட்டு ஒரு மணிக்கு வெளிக்கிட்டேன், அப்போதும் முகம் சரியில்லை. அது எனக்குக் கவலைதான். இன்னும் நேரம் எடுக்கும் போல.

போன ஞாயிறு நல்ல சோளகக் காற்று. வேம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. விறாந்தையில் பாய் போட்டுக் கிடந்தேன், மகன் பக்கத்தில் படுத்தபடி படம் கீறிக்கொண்டிருந்தான், அம்மா சாய்மனைக் கதிரையில். மூன்று மணி இருக்கும், படலையில் யாரோ கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை. அம்மா எழும்பிப் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்து திரும்பச் சாய்ந்தா. யார் வந்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை.